சாய்தளம் கட்டியாயிற்று, வேலை முடிந்ததா? மாநகராட்சிச் சேவைகளில் மாற்றுத்திறனாளிகளின் உரிமை: எளிய விளக்கம்

சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி பற்றிப் பேச்சு வந்தாலே மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "அதான் ராம்ப் போட்டிருக்காங்களே" என்பது ஒன்று. "மாசாமாசம் உதவித்தொகை வருது, ஸ்கூட்டர்கூடத் தர்றாங்க" என்பது இன்னொன்று. "நீங்க வாங்க, நாலு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுறோம்" என்பது மூன்றாவது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதலாவது பாதிப் பதில். இரண்டாவது வேறொரு கேள்விக்கான பதில். மூன்றாவது பதிலே இல்லை.

இந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுப்பது சாதாரண வேலைக்காக அலுவலகம் போகிறவர்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க வேண்டும், சொத்துவரிப் பெயர் மாற்றம் செய்ய வேண்டும், தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மண்டல அலுவலகத்தின் வாசல் வரை போய், தனக்கு எதைக் கேட்க உரிமை உண்டு என்று தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தன் கடமை எதுவரை என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இரண்டையும் எழுதிவைத்திருக்கிறது. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அடிப்படையான இரண்டு கருத்துகளைப் பிரித்துப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கல்யாணப் பந்தி

நானூறு பேர் சாப்பிடப்போகும் ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம். யார் யார் வருவார்கள், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது சமையல்காரருக்குத் தெரியாது. ஆனாலும் இலை போடுவதற்கு முன்பே சில முடிவுகளை எடுத்துவிடுகிறார்கள். சைவச் சமையல், காரம் மட்டாக, தரையில் பாய் விரிக்காமல் மேசை நாற்காலி. முழங்கால் வலியுள்ள பாட்டி ஒருவர் வந்து கேட்டதற்காக மேசை போடவில்லை. இத்தனை பேர் வரும் இடத்தில் அப்படிச் சிலர் இருப்பார்கள் என்று தெரிந்தே போட்டார்கள்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெரியவர், "எனக்குச் சர்க்கரை இருக்கு தம்பி, பாயசம் வேண்டாம். காரமும் ஆகாது, கொஞ்சம் மோர் சாதம் கிடைக்குமா?" என்கிறார். பரிமாறுகிறவர் உள்ளே போய்க் கொண்டுவந்து வைக்கிறார். அவருக்காக மொத்தச் சமையலும் மாறவில்லை. அவர் கேட்டார், அவருக்குப் பொருந்தியது கிடைத்தது, அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதே பெரியவரை எழுப்பி, "கொல்லைப்பக்கமா வாங்க, பொட்டலம் கட்டித் தர்றோம்" என்று அனுப்பியிருந்தால் வயிறு நிறைந்திருக்கும். பந்தியில் உட்கார்ந்ததாக ஆகாது. கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஓட்டலில் சாப்பிடச் சொன்னாலும் அப்படித்தான்.

முன்கூட்டியே மேசை போட்டது முதல் கருத்து. கேட்டவருக்கு மோர் சாதம் வைத்தது இரண்டாவது கருத்து. இந்த இரண்டையும் இனி மாநகராட்சிக்குள் கொண்டுபோகலாம்.

கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டியது

முதல் கருத்துக்கு அணுகல்தன்மை என்று பெயர். ஒரு கட்டடம், நடைபாதை, படிவம், இணையதளம் எதுவானாலும் அதை மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும்படி தொடக்கத்திலேயே அமைப்பது அணுகல்தன்மை. இதற்கு யாரும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. "எங்க ஆபீசுக்கு இதுவரை வீல்சேர்ல யாரும் வந்ததே இல்லையே" என்பது இங்கே செல்லாது. வாசலில் நாலு படி இருந்தால் எப்படி வருவார்கள்?

இதில் எல்லோருக்கும் தெரிந்தது சாய்தளம், அதாவது ராம்ப். தெரிந்தது என்பதாலேயே அதிகம் தப்பாகக் கட்டப்படுவதும் அதுதான். சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வழிகாட்டு நெறி. ஒரு அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒரு படி 15 செ.மீ. என்றால் மூன்று படிகளுக்கு 45 செ.மீ., அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர். நிறையப் பேர் இந்தக் கணக்கைக் கேட்டதும் நம்ப மறுக்கிறார்கள். இரண்டு ஆட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம் அது.

நான் பார்த்த ஒரு வார்டு அலுவலகத்தில் மூன்று படிகளை ஒட்டி ஒரு சாய்தளம் இருந்தது. நீளம் இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். மேலே பளபளவென்று கிரானைட், மழை பெய்தால் செருப்புக் காலே வழுக்கும். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் இரண்டு பைக்குகள். ஏறி முடிந்த இடத்தில் சக்கர நாற்காலி நின்று திரும்பச் சமதளம் இல்லை, சரிவு முடிந்த இடத்திலேயே கதவு. கதவுக்குக் கீழே இரும்புக் கேட் ஓடுவதற்கான தண்டவாளம், இரண்டு விரல் உயரம். சிறிய முன்சக்கரங்கள் அதில் இடித்து நிற்கும், பின்னால் சரிவு இழுக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர் மல்லாக்க விழுவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. அலுவலகப் பதிவேட்டில் மட்டும் "சாய்தளம்: உண்டு" என்று இருக்கும்.

இப்படி நடப்பதற்குக் காரணம், சாய்தளத்தைத் தனியொரு பொருளாகப் பார்ப்பது. அணுகல்தன்மை என்பது ஒரு பாதை. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி, நடைபாதை, வாசல், கூடம், மேசை, கழிப்பறை வரை போய் மீண்டும் தெருவுக்கு வந்து முடியும். நடுவில் ஓர் இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் வீண்.

நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் நிறத் தொடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. நீளக் கோடுகள் உள்ள கல், "இந்தத் திசையில் போகலாம்" என்று பார்வையற்றவரின் பாதத்துக்கும் கைக்கோலுக்கும் சொல்கிறது. புள்ளிகள் உள்ள கல், "நில், முன்னால் ஏதோ இருக்கிறது" என்று சொல்கிறது. கோடுகளை நம்பி நடக்கிறவர் மின்வாரியப் பெட்டியின் மேல் போய் இடிக்கும்படி கல் பதித்திருந்தால், கல்லே இல்லாத நடைபாதையைவிட அது ஆபத்தானது. கல் இல்லாவிட்டால் அவர் தன் எச்சரிக்கையோடு நடந்திருப்பார்.

இருசக்கர வாகனம் ஏறக் கூடாது என்று நடைபாதை முகப்பில் நெருக்கமாக நட்டுவைக்கும் தூண்களும் இப்படித்தான். பைக்கைத் தடுக்கும் நோக்கம் நியாயமானது. ஆனால் இடைவெளி 90 செ.மீ.க்குக் குறைந்தால் சக்கர நாற்காலியும் வெளியே நின்றுவிடும், அந்த ஆள் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே சாலையில் உருள வேண்டியிருக்கும்.

கட்டி முடிப்பதோடு கடமை தீர்வதுமில்லை. மெரினாவில் கடல் அலை வரை சக்கர நாற்காலியில் போக நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்கச் சென்னையிலேயே இருந்தும் கடல்நீரைக் காலால் தொட்டிராதவர்கள் அன்று தொட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது, பிறகு சீரமைத்தார்கள். கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தோடு பராமரிப்புக்கும் ஒதுக்கினால்தான் அணுகல்தன்மை நீடிக்கும். மின்தூக்கி பழுதாகி ஒரு மாதம் நின்றால், அந்த ஒரு மாதம் அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி இல்லை என்றுதான் பொருள்.

கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டுகள்

அணுகல்தன்மை என்றதும் நினைவுக்கு வருவது சிமென்ட்தான். இன்று பாதி மாநகராட்சி வேலை கைபேசியில் நடப்பதால் இதை விளக்கியே ஆக வேண்டும்.

பார்வையற்றவர்கள் கணினியையும் கைபேசியையும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் உதவியால் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது உரக்கப் படித்துச் சொல்லும். தமிழும் படிக்கும். ஆனால் எழுத்து, எழுத்தாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து பிடிஎப் ஆக ஏற்றினால் அது ஒரு புகைப்படம். திரைவாசிப்பான் அங்கே மௌனமாகிவிடும்.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அரசு அலுவலகங்களில் இன்னும் புழங்குகின்றன. கண்ணுக்கு அது தமிழாகத் தெரியும். கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் தாறுமாறான வரிசை, எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. திரைவாசிப்பானுக்கு உருவம் தெரியாது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். "குடிநீர் வாரிய நிலுவை" என்ற வரி அவர் காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். தமிழ் எழுத்தைக் கணினிக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே பதியும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே யூனிகோடில் அடித்த கோப்பை ஸ்கேன் செய்யாமல் அப்படியே ஏற்றினால் போதும். செலவு எதுவும் இல்லை.

வளைந்து நெளிந்த எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ச்சா, பார்வையற்றவருக்குப் பூட்டிய கதவு. குரலில் கேட்கும் மாற்று வழியோ, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண்ணோ அந்தக் கதவைத் திறக்கும். இணையவழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்ட முடியாமல் தவித்த வழக்குகள் அவை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அணுகல்தன்மை எல்லோருக்குமானது, முன்கூட்டியே செய்வது, கட்டடத்துக்கும் எழுத்துக்கும் ஒருசேரப் பொருந்துவது. அளவு தவறினால் அது இல்லாததற்குச் சமம்.

சட்டம் இதில் கண்டிப்பானது. அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியும் நிறைவுச் சான்றும் கொடுக்கக் கூடாது என்கிறது பிரிவு 44. சென்னையில் ஏராளமான கட்டடங்களுக்கு அனுமதி கொடுப்பது மாநகராட்சியே. ஆக அது தன் அலுவலகங்களுக்கு மட்டும் பொறுப்பில்லை, தான் முத்திரை குத்தும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் பொறுப்பு. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு 2022-லேயே தீர்ந்தது. அந்த விதிகளில் தரநிலைகளைப் பற்றிச் சொல்லும் பகுதி கட்டாயமாக இல்லாமல் வெறும் பரிந்துரையாக இருக்கிறது என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, தவிர்க்கவே முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

கேட்டவருக்காகச் செய்ய வேண்டியது

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு கிடையாது. சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஒருவருக்கு உதவும் பிரகாசமான வெளிச்சமே ஆட்டிசம் உள்ள பிள்ளையை அலறவைக்கும். இங்கேதான் இரண்டாவது கருத்து வருகிறது. அதை நியாயமான மாற்று ஏற்பாடு என்று சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட நபர், மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையைப் பயன்படுத்துவதற்காக, வழக்கமான முறையில் செய்து தரும் தேவையான, பொருத்தமான மாற்றம் அது. செய்து தருகிறவருக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகக் கூடாது என்பது மட்டுமே எல்லை.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? மாடியில் இருக்கும் வருவாய்ப் பிரிவு அலுவலர் கோப்போடு கீழே இறங்கி வருவது. மூளை முடக்குவாதம் உள்ளவரின் கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இல்லை என்று படிவத்தைத் திருப்பாமல், கைரேகையை ஏற்பது. பார்வையற்றவர் சொல்லச் சொல்ல ஊழியரே படிவத்தை நிரப்பி, கையெழுத்துக்கு முன் முழுவதையும் திருப்பிப் படித்துக் காட்டுவது. தடுப்பூசிக்கு வரும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் சேருவதற்கு முன் முதல் முறையை ஒதுக்குவது. மனநலச் சிகிச்சையில் இருப்பவர் ஆவணங்களைத் திரட்டக் கூடுதல் அவகாசம் கேட்டால் கொடுப்பது. ஒன்றுகூடப் பெரிய செலவில்லை.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். காது கேளாத தம்பதி பிறப்புச் சான்றிதழ் வாங்க வருகிறார்கள். டோக்கன் 47. உள்ளேயிருந்து ஊழியர் குரலில் மட்டும் அழைக்கிறார். 47 போய், 48 போய், 53-உம் போய்விட்டது. அவர்கள் எழுந்து போய் டோக்கனைக் காட்டினால், "கூப்பிட்டோமேம்மா, அப்போ எங்க போனீங்க?" என்ற கேள்வி உதட்டசைவாக மட்டும் தெரிகிறது. இங்கே மாற்று ஏற்பாடு மிகச் சிறியது: டோக்கன் கொடுக்கும்போதே தாளில் "காது கேளாதவர்" என்று குறித்துவைத்து, முறை வரும்போது ஊழியர் நேரில் போய்க் கையசைத்து அழைப்பது, உரையாடலை எழுதி நடத்துவது. சொத்துவரி மறுமதிப்பீடு மீதான விசாரணை போல நீண்ட பேச்சு என்றால் சைகைமொழிபெயர்ப்பாளரை வரவழைப்பது. எழுத்துத் தமிழ் எல்லாக் காது கேளாதோருக்கும் சரளமாக வந்துவிடாது. பலருக்குச் சைகைமொழிதான் முதல் மொழி.

இதே தம்பதிக்கு அடுத்த மாதமும், வேறொருவருக்கு அதற்கடுத்த மாதமும் ஊழியர் கையசைத்துக்கொண்டே இருந்தால்? அப்போது அந்த அலுவலகத்தில் குறைவது ஓர் எண்பலகை என்று தெரிந்துவிடுகிறது. டோக்கன் எண் சுவரில் ஒளிர்ந்தால் யாரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு கருத்துகளும் ஒன்றையொன்று தாங்கும் விதம் இதுதான். அணுகல்தன்மை முழுமையாகும் வரை மாற்று ஏற்பாடு இடைவெளியை நிரப்புகிறது. எங்கே மாற்று ஏற்பாடு திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறதோ, அங்கே அணுகல்தன்மை குறைகிறது என்று அது காட்டியும் கொடுக்கிறது.

தேர்தலில் நாம் இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். மாநகராட்சிப் பள்ளி வாக்குச்சாவடியில் சாய்தளமும், வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெய்ல் எண்களும் அணுகல்தன்மை. பார்வையற்ற வாக்காளர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்பதும், 2024 மக்களவைத் தேர்தலில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்கள் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்ததும் மாற்று ஏற்பாடுகள். தேர்தல் நாளில் முடிவது, மற்ற நாள்களில் அதே கட்டடத்தில் முடியாமல் போகக் காரணம் இல்லை.

"முடியாது" என்று எப்போது சொல்லலாம்?

அளவுக்கு மீறிய சுமை என்ற சொற்கள்தான் மறுப்பதற்கு அதிகம் பயன்படுகின்றன. பந்தியில் மோர் சாதம் கேட்டால் கொடுக்கலாம், பந்தியை நிறுத்திவிட்டுத் தனி அடுப்பு மூட்டச் சொன்னால் முடியாது என்பது போன்ற எல்லை அது. நாளைக்குள் மூன்று மாடிக் கட்டடத்துக்கு மின்தூக்கி வை என்று கேட்டால் முடியாதுதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடாது. மின்தூக்கி முடியாவிட்டால் அலுவலர் கீழே வரலாமா? அவர் வர முடியாவிட்டால் வேலையை வீடியோ அழைப்பில் முடிக்கலாமா? கேட்டவரோடு பேசி அடுத்த வழியைத் தேடுவதும் கடமையின் பகுதி. சுமையை அளக்கும்போது அந்த ஒரு பிரிவின் கையிருப்பை மட்டும் பார்க்காமல் மொத்த நிறுவனத்தின் வளத்தையும் பார்க்க வேண்டும் என்று ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2018-இல் விளக்கியிருக்கிறது. "எங்க வார்டு ஆபீசுல ஆள் இல்ல" என்பது 15 மண்டலங்கள் உள்ள ஒரு மாநகராட்சியின் பதிலாக முடியாது.

காரணமின்றி மறுத்தால்? நியாயமான மாற்று ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. ஆகவே ஊழியர் செய்து தருவது தயவு என்று நாமும் நினைக்க வேண்டாம், அவரும் நினைக்க வேண்டாம்.

அடையாள அட்டை பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. நலத்திட்டங்களுக்கும் இடஒதுக்கீட்டுக்கும் பெரும்பாலும் 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று வேண்டும். மாற்று ஏற்பாட்டுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர், தேர்வெழுத உதவியாளர் கேட்ட வழக்கு அது. எனவே ஒரு படிவத்தைப் படித்துக் காட்டச் சொன்னதற்கு, "கார்டு கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்புவது தவறு.

தூக்கிச் செல்வதும் உதவித்தொகையும்

நாலு பேர் தூக்கிச் செல்வதை ஏன் பதிலே இல்லை என்றேன்? மின்சாரச் சக்கர நாற்காலி பலவும் ஆளோடு சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். பழக்கமில்லாதவர்கள் படியில் தூக்கும்போது கை நழுவினால் முதுகெலும்பில் அடிபட்டவருக்கு இரண்டாவது முறை அடிபடும். ஒரு பெண்ணை, அவர் அறியாத நாலு ஆண்கள், பலர் பார்க்க, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை அந்த நாலு பேர் இருப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. கேட்டவர் விரும்பியதைச் செய்வதுதான் மாற்று ஏற்பாடு. தூக்கிச் செல்வதோ அவரைக் கேட்காமலே அவருக்கு நடத்தப்படுவது.

இதோடு சேர்ந்த பழக்கம் ஒன்று: கூட வந்தவரிடம் பேசுவது. "இவருக்கு என்ன வேணும்?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்பார்கள், அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். விண்ணப்பதாரர் யாரோ அவரைப் பார்த்துப் பேசுவதற்கு அரசாணை தேவையில்லை.

உதவித்தொகை, ஸ்கூட்டர், காதொலிக் கருவி ஆகியவை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் திட்டங்கள். அவை தேவை, இன்னும் கூடுதலாகத் தேவை. ஆனால் மாதம் எவ்வளவு வந்தாலும், அந்தப் பணம் மண்டல அலுவலகத்தின் மூன்று படிகளை இறக்கிவைக்காது.

சுருக்கமாக: கட்டடமும் இணையதளமும் மாறுவது அணுகல்தன்மை, நடைமுறை வளைந்து கொடுப்பது மாற்று ஏற்பாடு, பணமும் பொருளும் நலத்திட்டம். மூன்றும் தனித்தனிக் கடமைகள், ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

சென்னையில் ஒரே நடைபாதையில் பல அரசு அமைப்புகள் குடியிருக்கின்றன. நடைபாதை மாநகராட்சியுடையது, அதன் மேலிருக்கும் மின்பெட்டி மின்வாரியத்துடையது, பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்துடையது. பேருந்து நிழற்குடையை மாநகராட்சி பராமரிக்கிறது, அங்கே வந்து நிற்கும் பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. சில பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. ரேஷன் கடை மாநகராட்சியின் கீழ் வராது. புகாரை ஒருவர் இன்னொருவர் பக்கம் தள்ளிவிடுவதற்கு இதுதான் காரணம். மாநகராட்சிப் பொறுப்பில் உள்ளவை என்று நிச்சயமாகச் சொல்லத்தக்கவை: மண்டல, வார்டு அலுவலகங்கள், மாநகராட்சிப் பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், பூங்காக்கள், பொதுக் கழிப்பறைகள், சமுதாயக் கூடங்கள், பிறப்பு இறப்புப் பதிவு, சொத்துவரி, தொழில் உரிமம்.

உடைந்த நடைபாதை, அடைத்துக்கொண்ட சாய்தளம் போன்றவற்றுக்கு 1913 என்ற எண்ணே போதும், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச முடியாதவர்கள் மாநகராட்சியின் கைபேசிச் செயலியில் புகாரைப் பதியலாம்.

மாற்று ஏற்பாடு கேட்பதானால் எழுத்தில் கேளுங்கள். நோயின் பெயரை விளக்கத் தேவையில்லை. எந்தச் சேவை, எது தடுக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்ற மூன்றும் இருந்தால் போதும். இப்படி எழுதலாம்: "என் வீட்டுச் சொத்துவரிப் பெயர் மாற்றம் தொடர்பாக விசாரணைக்கு அழைத்துள்ளீர்கள். விசாரணை அறை முதல் மாடியில் உள்ளது, நான் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன், மின்தூக்கி இல்லை. விசாரணையைத் தரைத்தளத்தில் வைக்கும்படி மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி நியாயமான மாற்று ஏற்பாடாகக் கேட்டுக்கொள்கிறேன். இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்." மண்டல அலுவலருக்கு முகவரியிட்டு, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வரி முக்கியமானது. வாய்மொழியில் எளிதாக வரும் "முடியாது", காரணத்தோடு எழுத வேண்டும் என்றதும் பல இடங்களில் "சரி, கீழேயே வைச்சுக்கலாம்" என்று மாறிவிடும்.

அப்படியும் நடக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்கவும், விசாரணைக்காக அலுவலர்களை வரவழைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட அமைப்பு நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சட்டத்தையோ விதிகளையோ மீறுவதற்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதமும் உண்டு.

தனிப்பட்ட குறையைத் தாண்டி, ஊருக்கான மாற்றம் என்றால் அது மாமன்றத்தில், அதாவது மாநகராட்சி மன்றத்தில், பேசப்பட வேண்டியது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்த மசோதாக்களை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். தேர்தல் செலவுக்கு வழியில்லாதவரும் மாமன்றத்துக்குள் போக அது கதவைத் திறக்கிறது என்பதால் நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன். உங்கள் வார்டில் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்திலும், மாமன்ற உறுப்பினரிடமும் இதை எழுப்பலாம்.

அங்கே பேசும்போது "ராம்ப் வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள், அளவோடு கேளுங்கள். சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, இரு பக்கமும் கைப்பிடி, வழுக்காத சொரசொரப்பான தரை, மேலே கதவுக்கு முன் 1.5 மீட்டர் சமதளம், கதவு அகலம் 90 செ.மீ., கீழே வண்டி நிறுத்தத் தடை. மேசைகளில் ஒன்றாவது 75 முதல் 80 செ.மீ. உயரத்தில், அடியில் முழங்கால் நுழைய இடத்தோடு. டோக்கனுக்கு எண்பலகை. இதை அப்படியே தாளில் எழுதி, வேலை ஆணை போடும் உதவிப் பொறியாளரின் கையில் கொடுங்கள். ஒப்பந்ததாரர் கட்டத் தொடங்கும் முன், சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவர் அந்த இடத்தை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள்.